கடல் கடந்தால் அணியில் இடமில்லையா?

காலை ஆறு மணிக்கு மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற ரயிலிலும் கூட்டம். சென்னைப் பக்கம் போகிற ரயிலிலும் கூட்டம். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துக்குப் போகிறவர்கள், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிறவர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் என்று பல பேர். பிட்டர், வெல்டர், கிரேன் ஓட்டுபவர் என்று பல தொழில்.

இந்த வட்டாரத்தில் பிழைப்புக்காகக் கடல் கடப்பது புதிய விஷயம் அல்ல. துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் சிங்கப்பூருக்கும் போய், நாலு வருஷம் உழைத்து, தங்கைக்குக் கல்யாணம் முடித்து, வீட்டுக்குத் தளம் போட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களை ஊர் குறை சொல்வதில்லை. "கெட்டிக்காரப் பிள்ளை" என்றுதான் சொல்கிறது. ஊருக்குத் திரும்பி வந்தால் மறுபடியும் வேலை கிடைக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்தவன் என்றால் கூடுதல் மதிப்பும் உண்டு.

ஆனால் ஒரே ஒரு தொழிலாளிக்கு மட்டும் இந்த நியாயம் செல்லுபடியாவதில்லை. அவர்தான் விளையாட்டு வீரர். அவர் அதிகச் சம்பளத்துக்கு வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனால் உடனே கேள்வி எழுகிறது: "இவருக்கு நாட்டின் அணியில் இடம் கொடுக்கலாமா?"

இது நம் நாட்டில் மட்டும் கேட்கிற கேள்வி அல்ல. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கேட்கிறார்கள். பதில்தான் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

ஓய்வு பெற்றால்தான் அனுமதி

முதலில் நமக்கு நெருங்கிய கிரிக்கெட்டைப் பார்ப்போம்.

சென்னையின் சுழற்பந்து வீரர் ரவிச்சந்திரன் அஸ்வின், டெஸ்ட் பந்தயங்களில் 537 விக்கெட் வீழ்த்தியவர். 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல். ஆட்டத்துக்கும் விடை கொடுத்தார். அதற்கு அடுத்த மாதமே ஆஸ்திரேலியாவின் 'பிக் பாஷ்' லீக்கில் சிட்னி தண்டர் கோஷ்டிக்கு ஆட ஒப்பந்தம் செய்தார். இந்தியாவுக்காக ஆடிய ஆண் வீரர் ஒருவர் அந்த லீக்கில் இறங்கப்போவது அதுவே முதல் தடவை என்று ரசிகர்கள் ஆவலோடு இருந்தார்கள். ஆனால் பந்தயம் தொடங்குமுன் முழங்காலில் காயம். ஆட முடியாமலே போயிற்று.

38 வயது வரை அவர் காத்திருந்தது ஏன்? காரணம் கிரிக்கெட் வாரியத்தின் விதி. ஐ.பி.எல். உள்பட இந்திய கிரிக்கெட் முழுவதிலிருந்தும் விலகிய பிறகுதான், ஆண் வீரர்கள் வெளிநாட்டு 20 ஓவர் லீக்குகளில் ஆடலாம். அதற்கு முன் வாரியம் தடையில்லாச் சான்று கொடுப்பதில்லை. சென்னையின் இன்னொரு வீரர் தினேஷ் கார்த்திக்கும் 2024 ஜூனில் எல்லா ஆட்டத்திலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகே, 2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்க லீக்கில் பார்ல் ராயல்ஸ் கோஷ்டிக்கு ஆடினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் கவுண்டி கிரிக்கெட்டுக்குப் போகத் தடை கிடையாது. வெங்கட்ராகவன் 1970-களிலேயே டெர்பிஷயருக்கு ஆடினார். அஸ்வின் ஊஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர், சர்ரே ஆகிய மூன்று கவுண்டிகளுக்கு ஆடியிருக்கிறார். சாய் சுதர்சன் 2023-ல் சர்ரேக்கு ஆடினார். கவுண்டிக்குப் போனால் அனுபவம். 20 ஓவர் லீக்குக்குப் போனால் விலக்கு!

இன்னொரு வேடிக்கை, பெண்களுக்கு இந்தத் தடை இல்லை. 2016-ல் ஹர்மன்பிரீத் கவுர் ஆஸ்திரேலிய மகளிர் லீக்கில் சிட்னி தண்டருக்கு ஆடச் சென்றார். அந்த லீக்கில் ஒப்பந்தமான முதல் இந்திய வீராங்கனை அவர்தான். மறு வருஷமே உலகக் கோப்பை அரையிறுதியில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 171 ரன் குவித்தார். 2025 நவம்பர் 2-ந் தேதி நவி மும்பையில் உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய காப்டனும் அவரே. வெளிநாட்டு லீக் அவரை இந்திய அணியிடமிருந்து பிரிக்கவில்லை.

மறுபக்க நியாயம்

வாரியத்தின் பக்கத்தில் நியாயமே இல்லையா? உண்டு.

2022 நவம்பரில் அடிலெய்டில் நடந்த 20 ஓவர் உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் இங்கிலாந்திடம் தோற்றது. ஆட்டமிழக்காமல் 86 ரன் அடித்த அலெக்ஸ் ஹேல்ஸ், ஆஸ்திரேலிய லீக்கில் பல பருவங்கள் ஆடியவர். அந்த மைதானங்களை நன்கு அறிந்தவர். "நம் பிள்ளைகளையும் அங்கே அனுப்பியிருந்தால்?" என்ற கேள்வி அன்றே எழுந்தது.

அப்போது பயிற்சியாளராக இருந்த ராகுல் டிராவிட் சொன்ன பதிலின் சாரம் இது: அந்த லீக்குகள் நடப்பது நம் நாட்டுப் பருவத்தின் நடுவில். எல்லோரையும் போகவிட்டால் ரஞ்சிக் கோப்பை அழியும்; ரஞ்சி அழிந்தால் டெஸ்ட் ஆட்டமும் அழியும். மேற்கிந்தியத் தீவுகளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள் என்றார் அவர்.

இது தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாடு கடைசியாக வென்றது 1987-88 பருவத்தில். நல்ல வீரர்கள் டிசம்பரிலும் ஜனவரியிலும் சிட்னியிலும் டர்பனிலும் ஆடிக்கொண்டிருந்தால், சேப்பாக்கத்தில் யார் ஆடுவது? மீஞ்சூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் ரயிலேறிப் பயிற்சிக்கு வருகிற பையன் யாரைப் பார்த்துக் கற்பது?

ஐ.பி.எல். பந்தயத்தின் தனிக் கவர்ச்சி குறைந்துவிடக் கூடாது என்ற வியாபாரக் கணக்கும் இந்த விதியில் இருக்கிறது என்று சொல்கிற விமர்சகர்களும் உண்டு.

தன்ராஜ் கண்ட அனுபவம்

கிரிக்கெட்டில் பணம் உள்ளூரிலேயே கிடைக்கிறது. அது கிடைக்காத ஹாக்கியில் என்ன நடந்தது?

தன்ராஜ் பிள்ளை தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1968-ல் புனேயை அடுத்த கட்கியில் பிறந்தார். தந்தை அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மைதானக் காவலர். ஒடிந்த மட்டையையும் வீசியெறிந்த பந்தையும் கொண்டு அண்ணன் தம்பிகள் ஆடிப் பழகினார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பை, 4 ஆசிய விளையாட்டு, 4 சாம்பியன்ஸ் கோப்பை ஆகியவற்றில் இந்தியாவுக்காக ஆடினார்.

இடையிடையே அவர் லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், டாக்காவில் அபஹானி, மலேசியக் கிளப்புகள் என்று ஆடி வந்தார். ஐரோப்பியர்களின் வேகத்தையும் வியூகத்தையும் அவர்கள் ஊரிலேயே கண்டு வந்தார். அதனால் இந்திய அணிக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 32 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. நாடே கொண்டாடியது. ஆனால் தாயகம் திரும்பிய சில வாரங்களிலேயே தன்ராஜும் வேறு சில மூத்த வீரர்களும் அடுத்த பந்தயத்துக்கு எடுக்கப்படவில்லை! ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றது ஹாக்கி நிர்வாகம். ஊதியத்தையும் வசதியையும் பற்றி வாய் திறந்ததற்குத் தண்டனை என்றே ரசிகர்கள் பேசினார்கள்.

பின்னர் தன்ராஜ் அணிக்குத் திரும்பினார். 2000-ல் சிட்னியிலும் 2004-ல் ஏதன்சிலும் ஆடினார். வெளிநாடு போனதால் அவருடைய நாட்டுப்பற்று குறைந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

இங்கிலாந்தின் இரண்டு விதிகள்

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே ரக்பி என்ற ஆட்டம் இரு பிரிவாக இருக்கிறது. ஒன்று யூனியன்; மற்றொன்று லீக்.

பிரிவினைக்குக் காரணம் கூலிதான். வடக்கு இங்கிலாந்தின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சனிக்கிழமையும் வேலை உண்டு. ஆட்டத்துக்குப் போனால் கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று தொழிலாளர்களின் கிளப்புகள் கேட்டன. தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்டில் ஹட்டர்ஸ்பீல்டு நகரத்தில் கிளப்புகள் கூடித் தனியே பிரிந்தன. அதுவே இன்றைய ரக்பி லீக். யூனியன் ஆட்டத்தில் சம்பளத்துக்கு அனுமதி கிடைக்க மேலும் 100 வருஷம் ஆயிற்று, 1995-ல்தான் கிடைத்தது.

உழைக்கிறவனுக்குக் கூலி என்று தொடங்கிய லீக் ஆட்டத்தில், வெளிநாடு போகிற வீரருக்குத் தண்டனை இல்லை. யார்க்ஷயரைச் சேர்ந்த சாம் பர்ஜஸ் 2010-ல் ஆஸ்திரேலியாவின் சவுத் சிட்னி கிளப்புக்குப் போனார். பின்னர் சகோதரர் மூவரும் அதே கிளப்பில் சேர்ந்தார்கள். 2014 இறுதிப் பந்தயத்தின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு முறிந்தும், கடைசி வரை ஆடிக் கோப்பையை வாங்கித் தந்தார் சாம். அவரையே இங்கிலாந்து தன் உலகக் கோப்பை அணிக்கும் எடுத்தது. பர்ன்லியில் பிறந்த ஹெர்பி பார்ன்வொர்த் இளம் வயதிலேயே பிரிஸ்பேனுக்குப் போய் அங்கேயே வளர்ந்த வீரர். அவரும் இங்கிலாந்து அணியில் ஆடுகிறார்.

யூனியன் சங்கத்தின் வழி வேறு. வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுகிறவரை விசேஷக் காரணம் இருந்தாலன்றி எடுப்பதில்லை என்று அது விதி வகுத்தது. அதனால் 2014-ல் பிரான்சின் தூலோன் கிளப்புக்கு ஆடி, ஐரோப்பாவின் சிறந்த வீரர் என்று பெயரெடுத்த ஸ்டெபன் ஆர்மிடேஜ் இங்கிலாந்து அணியில் இடம் பெறவில்லை. ஆஸ்திரேலிய யூனியன் சங்கம் 2015-ல் நடுவழி கண்டது: நாட்டுக்காக 60 ஆட்டம் ஆடி, உள்நாட்டில் 7 வருஷம் கழித்தவர் வெளிநாட்டிலிருந்தும் வரலாம் என்றது.

லீக் ஆட்டத்தில் கதவைத் திறந்து வைத்ததால் மட்டும் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை கிடைத்துவிடவில்லை. 2017 இறுதிப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவிடம் 6–0 என்று தோற்றது. ஆனால் சிறந்த வீரரை வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தோற்றோம் என்ற மனக்குறை அவர்களுக்கு இல்லை.

எதிர் அணியில் நம்மவர்

விதி ஒருபுறம் இருக்கட்டும். போகிறவர் ஒரேயடியாகப் போய்விட்டால் என்ன ஆகும்?

ஜபல்பூரைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று, சுதந்திரம் வந்த காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குடியேறியது. அவர்கள் போனது ஹாக்கிக்காக அல்ல, வாழ்வுக்காக. ஆனால் ஹாக்கியும் கூடவே போயிற்று. அந்தக் குடும்பத்தின் பியர்ஸ் சகோதரர்கள் ஐந்து பேரும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார்கள். எரிக் பியர்ஸ் 4 ஒலிம்பிக் கண்டவர்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சந்தித்தன. இந்திய அணியில் சென்னையின் வி.ஜே. பீட்டர் இருந்தார். எதிர் அணியில் பியர்ஸ் சகோதரர்கள் இருந்தார்கள். 2–1 என்று ஆஸ்திரேலியா வென்றது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்த இந்தியா, முதல் தடவையாக அந்த வாய்ப்பை இழந்தது.

போகவே முடியாமல் நின்றவர்களும் உண்டு. கால்பந்து வீரர் சுனில் சேத்ரிக்கு 2009-ல் லண்டன் கிளப் ஒன்றின் ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் இந்தியா உலகத் தரவரிசையில் முதல் 70 இடத்துக்குள் இல்லை என்ற காரணத்தால் பிரிட்டிஷ் சர்க்கார் வேலை அனுமதி தரவில்லை. அணி உயரவேண்டுமானால் வீரர்கள் வெளியே போய்க் கற்கவேண்டும். வெளியே போகவேண்டுமானால் அணி முதலில் உயரவேண்டும்!

வழி என்ன?

வழி இல்லாமல் இல்லை. உலகக் கால்பந்துச் சங்கம் நாட்டு அணிகளுக்கென்று சில தேதிகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தத் தேதிகளில் எந்தக் கிளப்பும் வீரரை அனுப்ப மறுக்கக் கூடாது. அதுபோல, "நாடு அழைத்தால் வந்தாக வேண்டும், உள்நாட்டுப் பருவத்தில் இத்தனை ஆட்டம் ஆடியாக வேண்டும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் ரஞ்சியும் பிழைக்கும், வீரரும் பிழைப்பார். டிராவிட் சொன்ன பயத்துக்கும் அதில் பதில் உண்டு.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு 58 வயதுவரை சம்பளம் உண்டு. பந்தாடுகிறவருக்கு 10, 15 வருஷம்தான். அதற்குள் முழங்காலோ தோளோ போய்விடலாம். அஸ்வினுக்கு நேர்ந்ததைப் பார்த்தோம். அவர் போன்ற பெரிய வீரருக்கு அது ஒரு ஏமாற்றம் மட்டுமே. ரஞ்சி அணியின் வாசலிலேயே நிற்கிற சாதாரண வீரருக்கு அது வாழ்வின் கணக்கு.

மாலையில் மீஞ்சூர் ரயிலிலிருந்து இறங்குகிற தொழிலாளிகள், மைதானத்தோரம் நின்று பையன்களின் ஆட்டத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் நாளை நன்றாக ஆடினால், அவனைக் கேட்க வேண்டிய கேள்வி, "நீ எந்த ஊரில் சம்பளம் வாங்குகிறாய்?" என்பதல்ல. "நாடு அழைக்கும்போது வருவாயா? வந்தால் நன்றாக ஆடுவாயா?" என்பதுதான். அந்த இரண்டுக்கும் "ஆம்" என்கிறவனுக்கு அணியில் இடம் இருக்கட்டும்.