தயிர்ச்சட்டி வழியே மின்னஞ்சல்: எப்படி இயங்குகிறது?

மட்டக்களப்பின் படுவான்கரைப் பட்டியில் கறந்த எருமைப்பாலைச் சட்டியில் உறைய வைத்து, கடதாசியால் மூடிக் கட்டி, வாவிக்கு அப்பால் எழுவான்கரையிலுள்ள உறவினரின் குசினிக்கு அனுப்புகிறார்கள். மின்னஞ்சலின் பயணமும் இதே மாதிரிதான்.

முதலில், அனுப்புதல். பொத்தானை அழுத்தியதும் கடிதம் நேரே பெறுநரிடம் போவதில்லை. உங்கள் சேவை நிறுவனத்தின் சேர்வர் சட்டியை வாங்கி, முகவரிக்குரிய வாசல் எதுவென்று இணையத்தின் முகவரி ஏடான டிஎன்எஸ்ஸிடம் விசாரித்து, அங்கே கொண்டுபோகும். வாசல் பூட்டியிருந்தால் விட்டு விட்டுத் தட்டும். வழக்கமாக நாலைந்து நாட்களில் கைவிட்டு, சேரவில்லை என்று உங்களுக்கு அறிவிக்கும்.

அடுத்தது, வாசற் சோதனை. கொண்டுவந்தவர் அனுப்பிய வீட்டார் அனுமதித்த ஆள்தானா? இது எஸ்பிஎஃப். கட்டிய முடிச்சு வழியில் அவிழ்ந்ததா? இது டிகிம். இவை பொய்த்தால் சட்டியை என்ன செய்வதென்று அனுப்பிய வீடு சொல்லி வைத்திருக்கிறதா? இது டிமார்க். பதில் திருப்தி தராவிட்டால் சட்டி ஸ்பாம் மூலைக்குப் போகும், அல்லது வாசலோடு திரும்பும். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் 2024 பெப்ரவரி முதல் ஜிமெயில் இம்மூன்றையும் கேட்கிறது. சொந்த டொமைன் வைத்திருக்கும் சங்கங்களும் பாடசாலைகளும் இவற்றைப் பதிந்துகொள்ள வேண்டும்.

இனி, அந்தரங்கம். இரு சேர்வர்களும் டிஎல்எஸ் மறையாக்கத்துக்கு இணங்கினால் வழியில் நிற்பவர் உள்ளே பார்க்க முடியாது. ஆனால் சட்டி தங்கும் குசினிகளில் மூடி திறந்தே இருக்கும். சேவை நிறுவனத்தால் படிக்க முடியும். 1991இல் பில் சிமர்மன் உருவாக்கிய பிஜிபி போன்ற முறையில் திறப்பு பெறுநரிடம் மட்டுமே உண்டு. அப்போதும் யார், யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பது வெளியே தெரியும்.

ஒழுங்காகச் சேர்ந்த சட்டியும் உடையலாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அங்கே இயங்கியது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற காலாவதியான மின்னஞ்சல் மென்பொருள். அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்துவைத்த பிரதியும் இருக்கவில்லை. குடிமக்களின் கடிதங்களைப் பெறும் அலுவலகத்துக்கு அவற்றைக் காப்பதும் கடமை.

ஆகவே காணி, ஓய்வூதியம், வேலை என எதற்கு விண்ணப்பம் அனுப்பினாலும் பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததா என்று தொலைபேசியில் கேளுங்கள். கடவுச்சொல்லையும் வங்கி விபரத்தையும் சாதாரண மின்னஞ்சலில் ஒருபோதும் எழுதாதீர்கள்.