கார்டு யார் பேரில்? தம்பதிகளுக்கான பாயிண்ட் கணக்கு

கோவளத்தில் ஆரம்பித்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் பெரிய ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கோவளத்தில் தாஜ், வடநெம்மேலியில் ஷெரட்டன் கிராண்ட், நெம்மேலியில் இன்டர்கான்டினென்டல், மாமல்லபுரத்தில் ராடிசன். ஊரை ஒட்டிய பூஞ்சேரியில் ஃபோர் பாயின்ட்ஸ். 2022ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த இடம். இவை எல்லாமே ஏதோ ஒரு ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் இருப்பவை. ஷெரட்டனும் ஃபோர் பாயின்ட்ஸும் மாரியட் குழுமம். அதாவது இங்கே ரூபாய் கொடுத்தும் தங்கலாம், பாயிண்ட் கொடுத்தும் தங்கலாம்.

பாயிண்ட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கிரெடிட் கார்டிலிருந்து. அப்போது ஒரு கேள்வி வரும். செங்கல்பட்டில் குடியிருக்கும் ஒரு கணவன் மனைவி, திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் போய் கடலோரத்தில் ரெண்டு மூணு நாள் தங்க ஆசைப்படுகிறார்கள். ஆளுக்கு ஒரு கார்டு எடுப்பதா? இல்லை, ஒருத்தர் கார்டு எடுத்து, இன்னொருத்தருக்கு ஆட்-ஆன் வாங்கினால் போதுமா?

என் பதில்: ஆளுக்கு ஒன்று, ஆனால் செலவு ஒன்றில். இதற்குக் காரணம் பாயிண்ட் மட்டும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் கடைசியில் வருகிறது.

கல்யாணம் ஆனாலும் ஃபைல் ரெண்டு

ரேஷன் கார்டில் குடும்பம் ஒன்று. கிரெடிட் பியூரோவில் அப்படி இல்லை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி ஃபைல் வைத்திருக்கின்றன. 300லிருந்து 900 வரை ஒரு மதிப்பெண். கணவனின் மதிப்பெண் மனைவிக்கு ஒட்டாது. மனைவியின் தவணைத் தவறு கணவனைத் தொடாது, ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கடனாக இருந்தால் ஒழிய.

வங்கிக்கும் நீங்கள் ரெண்டு வாடிக்கையாளர்கள். அதனால் புதுக் கார்டுக்கு வங்கி தரும் வரவேற்புச் சலுகை ரெண்டு பேருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். அமெரிக்காவில் இதை ஒரு விளையாட்டாகவே ஆடுகிறவர்கள் துணைவரை ‘ப்ளேயர் டூ’ என்பார்கள். முதலில் ஒருவர் கார்டு எடுப்பார். பிறகு அவரே துணைவரைப் பரிந்துரைப்பார். பரிந்துரைத்தவருக்கு ஒரு போனஸ், சேர்ந்தவருக்கு வரவேற்புச் சலுகை. நம்ம ஊரில் பரிந்துரைத் திட்டம் வைத்திருக்கும் வங்கிகளிலும் இதே வரிசை செல்லுபடியாகும். ரெண்டு பேரும் ஒரே நாளில் விண்ணப்பித்தால் அந்த பரிந்துரை போனஸ் போச்சு.

ஆட்-ஆன் கார்டு வேறு ஜாதி. அது தனிக் கணக்கு இல்லை, ஒரே கணக்குக்கு இன்னொரு சாவி. லிமிட் ஒன்று, பில் ஒன்று, பாயிண்ட் சேரும் இடமும் ஒன்று. ரிசர்வ் வங்கி 2022ல் வெளியிட்ட கிரெடிட் கார்டு விதிகள் ஆட்-ஆன் கார்டின் கடன் பொறுப்பு முதன்மைக் கார்டுக்காரருடையது என்று தெளிவாகச் சொல்கின்றன. வரவேற்புச் சலுகை ஆட்-ஆனுக்குப் பொதுவாகக் கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு பயன் உண்டு. அது கீழே.

மூணு ராத்திரிக்கான கணக்கு

2023 ஆகஸ்டில் வந்த மாரியட் பான்வாய் எச்.டி.எஃப்.சி. கார்டை எடுத்துக்கொள்வோம். அறிமுகமானபோது சொல்லப்பட்ட விதிகள் இவை: ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 3,540. அதற்கு 15,000 பாயிண்ட் வரை மதிப்புள்ள ஒரு இலவச இரவு. ஆண்டில் ஆறு லட்சம் செலவழித்தால் இன்னொரு இரவு. சாதாரணச் செலவில் 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட். (இப்படிப்பட்ட விதிகளை வங்கிகள் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றுவது சகஜம். எடுப்பதற்கு முன் இன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள்.)

நம்ம தம்பதி கார்டில் செய்யக்கூடிய செலவு மாதம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆறு லட்சம். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: ஒரே கார்டு, ஒரு ஆட்-ஆன். கட்டணம் 3,540. வரவேற்பு இரவு ஒன்று, ஆறு லட்சத்துக்கு ஒன்று. மொத்தம் ரெண்டு இரவு.

ரெண்டாவது வழி: ஆளுக்கு ஒரு கார்டு, அவரவர் செலவு அவரவர் கார்டில். கட்டணம் 7,080. வரவேற்பு இரவு ரெண்டு. ஆனால் செலவு மூணு மூணு லட்சமாகப் பிரிந்துவிட்டதால் யாருமே ஆறு லட்சத்தைத் தொடவில்லை. இதிலும் ரெண்டே இரவுதான், இரட்டைச் செலவில்.

மூன்றாவது வழி: ஆளுக்கு ஒரு கார்டு, ஆனால் செலவு முழுக்க ஒன்றில். மனைவியின் கார்டில் ஆட்-ஆன் ஒன்று வாங்கி கணவனிடம் கொடுத்துவிட்டால், பெட்ரோல் பங்க் தவிர வேறு எங்கே தேய்த்தாலும் அதே கணக்கில் ஏறும். (பெட்ரோல், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் பாயிண்ட் கிடையாது.) கட்டணம் 7,080, கிடைப்பது மூணு இரவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது இரவின் விலை 3,540 ரூபாய். அது லாபமா என்பது நீங்கள் நிஜமாகவே மூணு இரவு தங்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. தங்குவதாக இருந்தால் லாபம். அந்தத் தரத்தில் இந்தக் கடற்கரையில் அந்த விலைக்கு அறை கிடைக்காது. லீவு கிடைக்காமல் சான்று காலாவதியானால், காசைக் கடலில் போட்ட மாதிரி.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். மாரியட் பாயிண்டை ஒரு உறுப்பினர் இன்னொருவர் கணக்குக்கு மாற்றலாம். இலவச இரவுச் சான்றை மாற்ற முடியாது. அதனால் ரெண்டு இரவு மனைவி பேரிலும் ஒரு இரவு கணவன் பேரிலும் தனித்தனியாக புக் செய்துவிட்டு, ஒரே அறையைத் தொடர்ந்து தரச் சொல்லி ஹோட்டலுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சனி ஞாயிறிலும் பொங்கல் விடுமுறையிலும் அறைக்குக் கேட்கும் பாயிண்ட் ஏறும். 15,000ஐத் தாண்டிவிட்டால் சான்று மட்டும் போதாது. செவ்வாய், புதன் போக முடிகிறவர்களுக்கு இதில் வசதி.

எப்போது விண்ணப்பிப்பது

பாயிண்டுக்காகச் செலவைத் தேடிப் போகக்கூடாது. வரப்போகிற செலவுக்கு முன்னால் கார்டு வந்து நிற்க வேண்டும். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், வண்டி இன்சூரன்ஸ், தீபாவளித் துணி, மாற்ற வேண்டிய ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காலண்டர் இருக்கும். பெரிய செலவுக்கு ஒன்றரை மாதம் முன்னால் விண்ணப்பித்தால் போதும். கார்டு மூலம் கட்டினால் கூடுதல் கட்டணம் கேட்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஒரு சதவீதம் கேட்டாலே பாயிண்டின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

ஒவ்வொரு விண்ணப்பமும் விண்ணப்பித்தவரின் ஃபைலில் ஒரு விசாரணையாகப் பதியும். கொஞ்ச நாளில் நாலைந்து விசாரணை சேர்ந்தால், ‘இந்த ஆளுக்குப் பண நெருக்கடி போல’ என்று வங்கி நினைக்கும். ரெண்டு பேர் இருப்பதன் வசதி இங்கேதான். இந்த அரையாண்டில் ஒருவர், அடுத்த அரையாண்டில் இன்னொருவர். வீட்டுக்கு ரெண்டு கார்டு வரும், எவர் ஃபைலிலும் நெரிசல் இருக்காது.

செலவை ஒரே கார்டில் குவிக்கும்போது லிமிட்டையும் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் லிமிட்டில் மாதம் 50,000 தேய்த்தால் பாதி பயன்பாடு. முப்பது சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் பியூரோவுக்குப் போகும் தொகை குறையும்.

கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ வீடு வாங்கும் யோசனை இருந்தால், வீட்டுக்கடன் கையெழுத்தாகும் வரை ஆறு மாதத்துக்கு ரெண்டு பேருமே புதுக் கார்டு பக்கம் போகாதீர்கள். 40 லட்சம் கடன், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதத்துக்குப் பதில் 8.75 என்றால் மாதம் 635 ரூபாய் கூடும். மொத்தத்தில் சுமார் ஒன்றரை லட்சம். மூணு இரவு கடற்கரை அறைக்கு அது ஈடாகாது.

பில்லை முழுசாகக் கட்டாவிட்டால்

அப்போது இந்தக் கட்டுரையே வேண்டாம். மாதம் 3.6 சதவீத வட்டி என்று வைத்தால், 50,000 பாக்கிக்கு ஒரு மாத வட்டி 1,800. அதன்மேல் ஜி.எஸ்.டி. 324. ஆக 2,124 ரூபாய். அந்த 50,000 செலவுக்குக் கிடைத்த பாயிண்ட் 666. பாயிண்டுக்கு ஒரு ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் மூன்று மடங்குக்கு மேல் நஷ்டம். வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் பாக்கி தீரும் வரை போய்விடும்.

ரெண்டு கார்டு இருந்தால் மறதிக்கும் ரெண்டு வாய்ப்பு. ரெண்டு கார்டின் பில்லிங் தேதியையும் சம்பளம் வரும் நாளை ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். குறைந்தது ஒரு முறை மாற்ற ரிசர்வ் வங்கி விதியே இடம் தருகிறது. முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள், ‘குறைந்தபட்சத் தொகை’க்கு அல்ல.

இப்போது அந்தப் பெரிய காரணம்

நம்ம பக்கம் வழக்கம் என்ன? சம்பளம் வாங்கும் கணவன் பேரில் கார்டு, மனைவிக்கு ஆட்-ஆன். அவங்க பத்து வருஷம் அந்தக் கார்டைத் தேய்த்து, ஒரு பில் கூடத் தவறாமல் கட்ட வைத்திருப்பாங்க. ஆனால் அந்த ஒழுங்கு முழுக்க அவர் ஃபைலில் ஏறியிருக்கும். அவர் இறந்தால் முதன்மைக் கணக்கு மூடும், ஆட்-ஆனும் அதோடு மூடும்; பிரிந்தால் அவர் ஆட்-ஆனை நிறுத்திவிடலாம். நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாகக் கடன் கேட்கப் போகிற பெண்ணிடம் வங்கி, ‘உங்களுக்கு வரலாறே இல்லையே’ என்று சொல்லும்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் கிராமத்தில் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வாங்கி வாராவாரம் கட்டும் பெண்ணுக்கு பியூரோவில் தன் பேரில் ஃபைல் இருக்கிறது. அந்தக் கடன்கள் அங்கே பதிவாகின்றன. அடுக்குமாடியில் இருக்கும் படித்த குடும்பத்தலைவிக்குப் பல நேரம் அது இல்லை. அமெரிக்காவிலேயே கணவன் கையெழுத்து இல்லாமல் ஒரு பெண் தன் பேரில் கடன் பெறும் உரிமைக்கு 1974ல்தான் தனிச் சட்டம் வந்தது. இங்கே சட்டம் தடுக்கவில்லை, பழக்கம் தடுக்கிறது.

அதனால்தான் மேலே மூன்றாவது வழியில் மனைவியின் கார்டை முதன்மையாகவும் கணவனை ஆட்-ஆனாகவும் வைத்தேன். இரவு எண்ணிக்கை மாறாது. ஆனால் குடும்பச் செலவின் ஒழுங்கு, வரலாறு இல்லாதவர் ஃபைலில் ஏறும். வருமானம் இல்லாதவருக்கு மாரியட் மாதிரி கார்டு உடனே கிடைக்காது. அவர் பேரில் ஒரு ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதை ஈடாக வைத்துத் தரும் கார்டில் தொடங்கலாம். டெபாசிட் தொகையின் பெரும்பகுதி லிமிட்டாகக் கிடைக்கும். கணவன் கொடுத்த பணத்தில் போட்ட டெபாசிட் என்றால் அதன் வட்டி வருமான வரியில் கணவன் கணக்கில் சேரும், அதை மட்டும் மறக்க வேண்டாம். ஒன்றிரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த கார்டுக்கு வழி பிறக்கும்.

ஒரு நிபந்தனை. கார்டு மனைவி பேரில் என்றால் ஓ.டி.பி. வரும் போனும், பில் வரும் மின்னஞ்சலும் அவங்களுடையதாக இருக்க வேண்டும். ‘பேர் அவ பேர், நம்பர் என் நம்பர்’ என்றால் அது வேறு கதை. அப்போது அவங்களுக்குக் கிடைப்பது வரலாறு இல்லை, தனக்குத் தெரியாத கடன். கணவன் தேய்த்துவிட்டுக் கட்டாமல் விட்டாலும் கறை அவங்க ஃபைலில்தான் விழும். பியூரோ ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரும். ரெண்டு பேரும் அவரவர் அறிக்கையை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பத்துப் பக்கம், இன்னொன்று வெறுமை என்றால், அடுத்த கார்டு யார் பேரில் என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது.