நின்ற இதயத்துக்குப் பதில் இரு கைகள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் நடந்திருக்கிறீர்களா? விடியுமுன்பே ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்கும். தரையெங்கும் உப்புநீர் தேங்கி நிற்கும். நான் பதினோராம் வகுப்பில் படித்த 1996-ஆம் ஆண்டில், அப்பகுதியிலிருந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளைஞர் ஒருவரை மின்சாரம் தாக்கியது. சுவிட்சை அணைத்து, அவரை வெளியே தூக்கி வந்து கிடத்தினார்கள். "மண்ணை அள்ளிப் போடுங்கப்பா, கரண்டு பூமியில எறங்கிடும்" என்றார் ஒருவர். உடனே நாலைந்து பேர் ஈரமணலை அள்ளி, அவரைக் கழுத்துவரை மூடினார்கள். மணல் அள்ளியவர்களுள் நானும் ஒருவன். பத்து நிமிடம் கழித்து மீன்பாடி வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைக்கவில்லை.

இன்று நான் இயற்பியல் கற்பிக்கிறேன். மின்சுற்று துண்டிக்கப்பட்ட கணமே மின்னோட்டம் நின்றுவிடும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். அவருடைய உடலில் 'இறக்குவதற்கு' மின்சாரம் எதுவும் மிச்சமில்லை. அப்படியானால் அவருக்கு நேர்ந்தது என்ன?

இதயத் தசைகள் தமக்குள் தோன்றும் மிகச் சிறிய மின்துடிப்புக்குக் கட்டுப்பட்டு, ஒரே ஒழுங்கில் சுருங்கி விரிகின்றன. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுவது. அதில் 0.1 ஆம்பியர் அளவு மார்பின் வழியே பாய்ந்தாலும் அந்த ஒழுங்கு சிதறிவிடக்கூடும். அப்போது ஒவ்வொரு தசைநாரும் தன்போக்கில் துடிக்கும். இதயம் நடுங்கும், ஆனால் இரத்தத்தைத் தள்ளாது. மாரடைப்பு முற்றும்போதும் இவ்வாறு நேர்வதுண்டு. இரத்த ஓட்டம் நின்று நான்கைந்து நிமிடங்களானால் மூளை கெடத் தொடங்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரத்தில், ஆம்புலன்ஸ் நான்கு நிமிடத்தில் வந்து சேருமா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

இதற்கு வழி கண்டவர்களுள் மூத்தவர் ஒரு மின்பொறியியல் பேராசிரியர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி! அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கோவன்ஹோவன்தான் அவர். மின்கம்பத் தொழிலாளர்கள் மின்னதிர்ச்சியால் மாண்டதைக் கண்டு மின் நிறுவனங்களே இவ்வாராய்ச்சிக்கு உதவின. 1958-இல் அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர், நாய்களின் மீது சோதனை நடத்தும்போது ஒன்றைக் கவனித்தார். மின்சாரம் செலுத்துவதற்கு முன்பே, கனமான மின்வாய்களை மார்பின் மீது அழுத்தியவுடன் இரத்த அழுத்தம் சற்று உயர்ந்தது. அப்படியானால் அழுத்தினாலே இரத்தம் ஓடுமா? அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர, மூவரும் 1960 ஜூலையில் தம் முடிவை வெளியிட்டனர். மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைய வேண்டியதில்லை. வெளியிலிருந்து அழுத்தினாலே போதும். இதுவே இன்று நாம் சி.பி.ஆர். என்று சொல்லும் முறையின் உயிர்நாடி.

சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் காற்று வெளியேறும்; கைப்பிடியை மேலே விட்டால்தான் அடுத்த காற்று உள்ளே வரும். இதயத்தில் ஒருவழி வால்வுகள் உள்ளன. மார்பெலும்பை அழுத்தும்போது இரத்தம் முன்னே செல்கிறது. விடும்போது மீண்டும் நிரம்புகிறது. ஆகையால் அழுத்துவது எவ்வளவு முக்கியமோ, முழுவதும் விடுவதும் அவ்வளவு முக்கியம். நன்றாகச் செய்தாலும் இயல்பான இரத்த ஓட்டத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் கிடைக்கும். அந்தக் கால் பங்குதான் மூளையை மருத்துவர் வரும்வரை காக்கிறது.

இனிச் செய்முறை. முதலில் உங்களைக் காத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் உயரழுத்தக் கம்பியை நெருங்கவே கூடாது. பிறகு தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லையா? 108-ஐ அழைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். இடையிடையே மீன் வாய் திறப்பதுபோல் ஒரு விக்கல் மூச்சு வரலாம். அதை மூச்சென்று நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

கட்டிலில் வேண்டாம், கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். மெத்தையில் உங்கள் வேலையெல்லாம் பஞ்சை அமுக்குவதிலேயே போய்விடும். மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேர் மேலே இருக்கட்டும். 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், 6 செ.மீ.-ஐத் தாண்ட வேண்டாம். இதற்கு ஏறத்தாழ 40 முதல் 50 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். கைத்தசையால் முடியாது, உடலின் எடையைத்தான் பயன்படுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. விலா எலும்பு முறியலாம். அதற்கு அஞ்சி நிறுத்தாதீர்கள். முறிந்த எலும்பு கூடும்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. திடீரென இதயம் நின்ற பெரியவரின் இரத்தத்தில் சில நிமிடங்களுக்குப் போதுமான ஆக்சிஜன் மிச்சமிருக்கும். ஆகவே பயிற்சியில்லாதவர்கள் அழுத்தினாலே போதும் என்று இந்திய உயிர்மீட்புக் குழுமம் 2017-இல் வழிகாட்டியது. பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று கொடுக்கலாம். நாம் வெளிவிடும் காற்றிலும் 16 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு.

கடலில் மூழ்கியவர் கதை வேறு. மூச்சு நின்றதால்தான் அவருடைய இதயம் நின்றது. எனவே அவருக்கு மூச்சுதான் முதல் மருந்து. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது முதலியவற்றைத் திருவொற்றியூர்க் கரையில் இன்னும் பார்க்கிறேன். அவை வீண், நேரமும் போகும், வாந்தி நுரையீரலுக்குள் புகவும் கூடும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பெரும்பாலும் மூச்சுத்தடையே காரணம். உள்ளங்காலைத் தட்டிப் பாருங்கள். தலையைப் பின்னே அதிகம் சாய்க்காமல் நேராக வைத்து, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மார்பு எழும்புமளவுக்கு மட்டும் மெல்ல ஊதுங்கள். கன்னத்தில் அடங்கும் காற்றே போதும். முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து இரு கட்டைவிரல்களாலோ, ஒரு கையின் அடிப்பகுதியாலோ 4 செ.மீ. அளவு அழுத்துங்கள். மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. 30-க்கு 2 என்ற கணக்கு இங்கும் உண்டு. பழைய நூல்களில் இரு விரல் நுனியால் அழுத்தச் சொல்லியிருப்பார்கள். ஆழம் போதவில்லை என்பதால் அமெரிக்க இதயச் சங்கம் 2025-இல் அதைக் கைவிட்டது.

நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தை எப்படிப் பழகுவது? உங்கள் ஊசல் பாடம் இங்கே உதவும். ஒரு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுவரை 25 செ.மீ. இருந்தால், அது ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்ல அரை விநாடி ஆகும். அஃதாவது நிமிடத்துக்கு 120. நீளம் 36 செ.மீ. ஆனால் 100. ஒவ்வொரு கோடிக்கும் ஓர் அழுத்தம். உயிரோடிருக்கும் நண்பன் மார்பில் மட்டும் ஒருபோதும் பழகாதீர்கள்! துணி திணித்த பள்ளிப் பையைத் தரையில் வைத்து, ஊசலைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் அழுத்துங்கள். தோள் எந்த விநாடியில் வலிக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது ஏன் என்று அப்போது தெரியும்.