வீடு கைமாறும்போது

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். விற்றுப் பார் என்று அவர்கள் சேர்க்கவில்லை. கட்டிய வீட்டில் பிள்ளையும் பேரனும் வாழ்வர் என்பது அக்காலத்து நம்பிக்கை. வீட்டை விற்றவனைத் தெருவார் சற்று இரக்கத்தோடுதான் பார்த்தனர். இன்று நிலைமை வேறு. உத்தியோகம் ஓர் ஊரில், பிள்ளைகளின் படிப்பு மற்றோர் ஊரில், முதுமை வேறோர் ஊரில் என்று ஆகிவிட்டது. ஆகவே ஒரு வீட்டை விற்று மற்றொன்றை வாங்குவது நடுத்தரக் குடும்பத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்ய நேரிடும் காரியமாகும்.

ஆயினும் அதற்கான கல்வி எங்கும் இல்லை. பள்ளியில் நாங்கள் கூட்டு வட்டி கற்பித்தோம்; ஒரு கிரயப் பத்திரத்தைப் படிப்பது எப்படி என்று கற்பித்ததில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்த நானே அதை ஐம்பத்தொன்பதாம் வயதில்தான் கற்றேன். கற்ற விதம் பெருமைக்குரியதன்று.

"விலை பேசி முடித்தாயிற்று" என்று நாம் வழக்கில் சொல்லுகிறோம். சட்டத்தின் கண்ணில் அப்போது ஒன்றும் முடிவதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் வாயிலாகத்தான் விற்க இயலும். அதற்குமுன் எழுதிக்கொள்ளும் விற்பனை உடன்படிக்கை, வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட வாங்குபவருக்கு உரிமையாக்குவதில்லை. "பேசியபடி எழுதிக் கொடு" என்று நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையையே அது தருகிறது. அதையும், கெடுவாகக் குறித்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் கேட்டாக வேண்டும். உடன்படிக்கைக்கும் பத்திரத்துக்கும் நடுவே சில வாரங்களோ மாதங்களோ கழிகின்றன. வீடு விற்பதிலும் வாங்குவதிலும் உள்ள ஏற்ற இறக்கங்களெல்லாம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நிகழ்கின்றன.

இன்னொரு மயக்கமும் உண்டு. பத்திரத்தில் அரசாங்க முத்திரை விழுந்துவிட்டால் சொத்துக்கு அரசாங்கமே உறுதி சொல்லிவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். சார்பதிவாளர் அறிந்துகொள்ள விரும்புவது வேறு. எதிரே நிற்பவர் பத்திரத்தில் கண்டவர்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா, தீர்வை சரியாகச் செலுத்தப்பட்டதா என்பனவே அவருடைய கேள்விகள். விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று தீர்ப்புக் கூறுவது அவர் வேலையன்று. 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பதிவு விதியொன்றைச் செல்லாதென்று அறிவித்தபோது உச்ச நீதிமன்றமும் இதனைத் தெளிவாக்கியது. எனவே ஆராயும் பொறுப்பு வாங்குபவரையே சார்கிறது.

அவர் எவற்றைக் கொண்டு ஆராய்வார்? முதலில் மூலப் பத்திரம். இன்று விற்பவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று சங்கிலியின் கண்ணிகளைப் பின்னோக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்தது வில்லங்கச் சான்றிதழ். இதனை இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இச்சான்றிதழைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டுக்கு ஒப்பிடுவேன். பெயர் கூப்பிட்டபோது "உள்ளேன்" என்றவர்களை அது காட்டும். வாயிலுக்கு வெளியே நின்றவர்களைக் காட்டாது. பதிவான விற்பனையும் அடமானமும் அதில் வரும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, வாரிசுகளின் பங்கு ஆகியவை வாரா. பட்டாவோ வருவாய்த்துறையின் கணக்கு. துணைச் சான்றேயன்றி, அது ஒன்றே உரிமையை நிலைநாட்டிவிடாது. வரி ரசீதின் நிலையும் அதுவே. இந்தக் கடைசி உண்மையை நான் அறியாதிருந்தேன்.

என் தந்தையார் 1961-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் ஓட்டு வீடொன்றைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார். 1994-இல் உயில் ஏதும் எழுதாமல் காலமானார். 2009-இல் அன்னையாரும் மறைந்தார். அதன்பின் வரி கட்டியவன் நான். ஓடு மாற்றியவன் நான். மழைக்காலத்தில் நனைந்த சுவரைத் தட்டிப் பார்த்துக் கவலைப்பட்டவனும் நானே. தங்கை மணமாகி நாகபுரியில் இருந்தாள். வீடு என்னுடையது என்றே நினைத்தேன் என்று சொல்லுவது முற்றும் சரியன்று. அது யாருடையது என்ற கேள்வியே என் மனத்தில் எழவில்லை.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2018-இல், மகன் குடியிருந்த திருச்சிராப்பள்ளிக்கே போய்விடுவதென்று முடிவு செய்தோம். தரகர் ஒருவர் ஆள் கொண்டுவந்தார். நாற்பத்திரண்டு லட்சம் என்று விலை படிந்தது. இரண்டு லட்சம் முன்பணம், மூன்று மாதக் கெடு. அதே வாரத்தில் திருச்சிராப்பள்ளிப் புறநகரில் பிடித்த வீடொன்றுக்கு அந்த இரண்டு லட்சத்தையே முன்பணமாகக் கொடுத்தேன். அங்கும் மூன்று மாதக் கெடு. ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்ததில் எனக்கு ஒரு சாமர்த்தியசாலியின் மகிழ்ச்சி இருந்ததென்பதை மறைப்பானேன்? இரண்டு வண்டிகளை ஒரே கயிற்றால் பிணைத்திருக்கிறேன், முன்வண்டி நின்றால் பின்வண்டியும் கவிழும் என்பது அப்போது தோன்றவில்லை.

ஐந்தாவது வாரத்தில் முன்வண்டி நின்றது. வாங்குபவர் வங்கியில் கடன் கேட்டிருந்தார். வங்கியின் வழக்கறிஞர் எங்கள் ஆவணங்களைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி எழுதியனுப்பினார்: "1961-இல் வாங்கியவருடைய வாரிசுகள் யாவர்?"

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஒருவருடைய தனிச் சொத்து மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகச் சேரும். தாயின் பங்கும் அவர் காலத்துக்குப்பின் மகனுக்கும் மகளுக்கும் சமமாகவே வரும். ஆகவே வீட்டில் சரிபாதி என் தங்கையுடையது. இவ்விடத்தில் பலரும் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. குடும்பத்தார் வசிக்கும் வீட்டைப் பொறுத்தமட்டில், ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ளும்வரை பெண் வாரிசு பாகம் பிரிக்கும்படி கேட்கலாகாது என்றொரு பிரிவு அச்சட்டத்தில் இருந்தது. 2005-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. பிரித்துக் கேட்பதற்குத்தான் அன்று தடை இருந்ததேயன்றிப் பங்கு இல்லாமற் போகவில்லை. இதனை ஊரார் "பெண்ணுக்கு வீட்டில் பங்கில்லை" என்று சுருக்கிக்கொண்டனர். பூர்வீகச் சொத்திலோ, தமிழ்நாட்டுச் சட்டம் 1989-லேயே மகளுக்கும் மகனோடொத்த உரிமையை வழங்கிவிட்டது. அவ்வாண்டு மார்ச்சு 25-க்கு முன் மணமான பெண்களுக்கு மட்டும் அது அப்போது கிட்டவில்லை.

தன்னிடம் இல்லாததை எவரும் பிறருக்குக் கொடுக்க இயலாது என்பது சட்டத்தின் பழைய நெறி. பாதி வீட்டுக்கு உடையவன் முழு வீட்டுக்கும் விலை பேசியிருந்தேன்.

அன்றிரவு தங்கையோடு தொலைபேசியில் பேசினேன். கையொப்பம் இட வரவேண்டும் என்றேன். அவள் மறுக்கவில்லை, பங்கைப் பற்றியும் பேசவில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விலை பேசியிருக்கலாமே, அண்ணா" என்று மட்டும் சொன்னாள். வகுப்பறையில் எத்தனையோ மாணவர்களை நான் கேள்வி கேட்டு வாயடைக்கச் செய்ததுண்டு. அன்று என் முறை.

அவளுடைய கணவருக்கு உடல் நலமில்லாதிருந்தமையால் உடனே புறப்பட இயலவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருந்தோம். கெடு கடந்தது. வாங்கவிருந்தவர் விலகிக்கொண்டார். குறை என் பக்கத்திலிருந்ததால் முன்பணம் முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருச்சிராப்பள்ளியிலோ குறித்த நாளில் பணம் கட்டத் தவறியவன் நான். அந்த வீட்டுக்காரர் உடன்படிக்கையின் வாசகப்படி முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ளக் கூடியவர்; ஐம்பதினாயிரம் போக மீதியைக் கொடுத்தார். அவரை நோக நியாயமில்லை. அவரும் எங்கோ ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்.

தங்கை அவ்வாண்டு ஐப்பசியில் வந்தாள். அதற்கு முதல் நாள்தான் 1961-ஆம் ஆண்டுப் பத்திரத்தை நான் முதன்முறையாக முழுதும் படித்தேன். பழைய பத்திரங்களைப் படிப்பது ஒரு சுவை. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு உரிமைகள் வரும். மண்ணுள் கிடக்கும் புதையலும், நீரும், கல்லும், இனி வரக்கூடிய ஆதாயமும்கூட வாங்குபவருக்கே என்பது கருத்து. இவ்வழக்கம் புதிதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் காணும் விலையாவணங்களும் நான்கு எல்லைகளைச் சொல்லி, மேல்நோக்கி வளரும் மரத்தையும் கீழ்நோக்கிச் செல்லும் கிணற்றையும் சேர்த்தே விற்கின்றன.

எங்கள் பத்திரத்தில் கிணற்றில் பாதிதான் எங்களுக்கு என்றிருந்தது. மறுபாதி வடவண்டை வீட்டாருக்கு. கிணறு தூர்ந்து ஆண்டுகள் பல ஆயின. அவ்வுரிமையின் நினைவும் அதனோடு தூர்ந்திருந்தது. கிழமேல் அளவைச் சங்கிலி வைத்து அளந்தபோது பத்திரத்தில் உள்ளதைவிட ஒன்றரையடி குறைந்தது. அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் நெறி. ஆயினும் வாங்குபவரிடம் இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். விலை முப்பத்தொன்பது லட்சமாக இறங்கியது. குறைந்த மூன்று லட்சத்தில் எவ்வளவு அந்த ஒன்றரையடிக்கு, எவ்வளவு சந்தையின் மந்தத்துக்கு, எவ்வளவு என் அவசரத்துக்கு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்காலும் இயலாது. விற்க வேண்டியவனுக்கு ஒரு விலை, விற்கலாமா என்று யோசிப்பவனுக்கு வேறொரு விலை; வீட்டுச் சந்தையின் பெரும்பகுதி இவ்வளவுதான்.

பதிவு நாளில் புகைப்படம் எடுத்து, விரல் ரேகை பதிந்து, சாட்சிகள் இருவர் கையொப்பமிட்டனர். சார்பதிவாளர் என் தங்கையை நோக்கி, "பணம் பெற்றுக்கொண்டீர்களா, அம்மா?" என்று கேட்டார். "என் பங்கைப் பெற்றுக்கொண்டேன்" என்றாள்.

அடுத்து வாங்கும் படலம். இம்முறை விற்ற பணம் கையில் வந்த பின்னரே முன்பணம் கொடுத்தேன். நெடுநாள் வைத்திருந்த வீட்டை விற்றதில் வரும் ஆதாயத்தைக்கொண்டு இரண்டாண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலும், மூன்றாண்டுக்குள் கட்டினாலும் வருமான வரியில் விலக்கு உண்டு. விற்பதற்கு ஓராண்டு முன்னரே வாங்கியிருந்தாலும் அது பொருந்தும். ஆகவே வரிக்கு அஞ்சி ஓட வேண்டியதில்லை.

2019-இல் பார்த்த வீட்டுக்காரர் மூலப் பத்திரத்தின் நகலையே காட்டினார். அசல் மைத்துனர் வீட்டில் இருக்கிறதென்றார். அசலைக் காணாமல் ஒரு காசும் கொடுக்கலாகாது என்று என் வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரணம் இதுதான்: பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்குவதும் ஒருவகை அடமானமே. பழைய கடன்களில் அது பதிவாகாமலும் இருக்கலாம். அப்போது வில்லங்கச் சான்றிதழ் வெறுமையாகவே தோன்றும். விசாரித்ததில் அசல் ஒரு வங்கியில் இருந்தது. அவர் ஏமாற்றுக்காரரல்லர், கூச்சப்பட்டவர். கடன் பாக்கியை வங்கியிலேயே நேராகக் கட்டி, பத்திரத்தையும் கடன் தீர்ந்த ரசீதையும் பெற்றுக்கொண்டு பதிவு செய்தோம்.

விலையை எழுதுவதிலும் ஒரு சோதனை வரும். அன்று முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்து, அரசின் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது. இச்செலவைக் குறைக்க, வழிகாட்டி மதிப்பையே விலையாக எழுதி, மீதியைப் பணக்கட்டாகக் கொடுத்துவிடலாம் என்று யாரேனும் காதோடு சொல்லுவர். எனக்கும் சொன்னார்கள். நாளை பேரம் முறிந்து வழக்காடினால் பத்திரத்தில் இல்லாத பணத்தை எங்கே போய்க் கேட்பது? அதே வீட்டைப் பின்னர் விற்கும்போது, குறைத்து எழுதிய தொகைதான் வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். ஆதாயம் பெரிதாகத் தோன்றி வரியும் ஏறும். குற்றம் என்பது தனி. நான் முழு விலையையும் எழுதினேன். தரகருக்கு என்மீது வருத்தம்.

பதிவோடு வேலை தீர்வதில்லை. பட்டாவிலும் சொத்து வரியிலும் குடிநீர், மின் இணைப்புக்களிலும் பெயர் மாற வேண்டும். கும்பகோணத்து வீட்டின் மின்கட்டண அட்டையில் விற்ற நாள்வரை என் தந்தையார் பெயரே இருந்தது. அதனை மாற்றுவதற்காக அவருடைய இறப்புச் சான்றிதழின் நகலொன்று வேண்டுமென்று புதிய வீட்டுக்காரர் கடிதம் எழுதினார். எடுத்து அனுப்பி வைத்தேன்.