சுரைக்காயைத் தேடிய திருக்கரம்

மதீனா நகரில் மூதாட்டி ஒருவர் வாழ்ந்து வந்தார். தம் தோட்டத்து நீரோடைக் கரையில் 'ஸில்க்' எனும் கீரையை அவர் பயிரிட்டிருந்தார். அது பீட்ரூட் இனத்தைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதனை வேரோடு பறித்து, ஒரு கைப்பிடி வாற்கோதுமை மாவு சேர்த்துச் சமைத்து வைப்பார். ஜும்ஆத் தொழுகையை முடித்துத் திரும்பும் நபித்தோழர்கள் அவருக்கு ஸலாம் உரைத்து அவ்வுணவை உண்பர். அதில் இறைச்சி இராது; கிழங்கே இறைச்சியின் இடத்தில் இருந்தது. ஆயினும் அந்த உணவை எண்ணியே தாங்கள் வெள்ளிக்கிழமையை ஆவலுடன் எதிர்நோக்கியிருந்ததாக ஸஹ்ல் இப்னு ஸஅது (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீ ஷரீஃபில் இடம் பெற்றுள்ளது.

இன்று நம் இல்லங்களில் வெள்ளிக்கிழமை என்றால் பிரியாணியோ நெய்ச்சோறோ மணக்கின்றது. அதில் தவறேதும் இல்லை. இறைச்சி ஆகுமாக்கப்பட்ட நல்லுணவே. கவலை வேறிடத்தில் இருக்கின்றது. அந்த நெய்ச்சோற்றுடன் வரும் தாளிச்சாவிலுள்ள கத்தரிக்காயையும் சுரைக்காயையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழும் நம் பிள்ளைகள், மாலையில் வறுவல் பொட்டலத்தையும் வண்ணப் பானத்தையும் கேட்டு அடம் பிடிக்கின்றனர்.

மனிதன் தன் உணவை நோக்கிச் சிந்திக்க வேண்டும் என்று அருள்மறையின் 'அபஸ' அத்தியாயம் அழைக்கின்றது. வானிலிருந்து மழை பொழிவதையும், நிலம் பிளந்து தானியமும் திராட்சையும் பசுந்தாவரங்களும் ஒலிவமும் பேரீச்சையும் முளைத்தெழுவதையும் அது வரிசையாக நினைவூட்டுகின்றது. உணவின் மூலத்தைக் கண்ணால் காணுமாறு இறைவன் சொல்கின்றான். பொட்டலத்தில் வரும் தின்பண்டத்தில் அந்த மூலத்தை எங்கே தேடுவது? மைதா, பனை எண்ணெய், சர்க்கரை, உப்பு, நிறமி, சுவையூட்டி என்றுதான் அதன் உறையில் படிக்கின்றோம்.

வேறோர் இடத்தில், பூமியில் உள்ளவற்றில் ஆகுமானதும் தூய்மையானதுமாகிய உணவை உண்ணுமாறு இறைவன் பணிக்கின்றான். ஹலால் என்பதுடன் 'தையிப்' என்ற சொல்லும் இணைந்தே வருகின்றது. மிட்டாயில் ஜெலட்டின் கலந்துள்ளதா என்று கண்ணாடி போட்டுக் கொண்டு ஆராயும் வாப்பாமார்கள் பாராட்டுக்குரியவர்கள். அதே உறையின் அடுத்த வரியில் அச்சாகியிருக்கும் சர்க்கரை, உப்பின் அளவையும் அவர்கள் ஒரு முறை படித்துவிட்டால், 'தையிப்' என்ற பாதிக்கும் நியாயம் செய்தவர்களாவர்.

2019ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. இருபது பேரை அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலைப் பக்குவ உணவும் இரண்டு வாரம் இயற்கையான உணவும் அளித்தனர். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு முதலியன சமமாகவே வைக்கப்பட்டன. விரும்பிய மட்டும் உண்ணலாம் என்று விட்டபோது, ஆலை உணவின் நாள்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். வயது வந்தவர்களின் நிலையே இது. போதும் என்று சொல்லக் கற்றிராத குழந்தையை என்னென்பது! வயிற்றின் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்று அளந்து காட்டிய மார்க்கம் நம்முடையது.

இப்படி உண்டும் சத்துக் குறைவு வருவதுதான் விந்தை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்கள். சோர்ந்து முகம் வெளுத்த பிள்ளைக்கு மதரஸாவில் ஓதும் பாடமும் பள்ளியில் கேட்கும் பாடமும் மனத்தில் பதிவது கடினம். உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் ஐந்து வயதினருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிராமும், ஆறு முதல் ஒன்பது வயதினருக்கு 350 கிராமும் காய்கனிகள் வேண்டும் என்கிறது. நம் வீட்டுக் கணக்கு இதில் எவ்வளவு தேறும்?

"எவ்வளவு சொன்னாலும் தின்ன மாட்டேன் என்கிறானே" என்பது உம்மாமார்களின் முறையீடு. இங்கேதான் அனஸ் (ரலி) அவர்களின் அனுபவம் பயன்படுகின்றது. சிறு வயது முதலே அண்ணலாருக்குப் பணிவிடை செய்தவர் அவர். தையற்காரர் ஒருவர் அளித்த விருந்துக்கு அண்ணலாருடன் சென்றிருந்தார். வாற்கோதுமை ரொட்டியும், உலர்ந்த இறைச்சியும் சுரைக்காயும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. ஏந்தல் நபி (ஸல்) அவர்கள் பாத்திரத்தின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்துண்டதை அனஸ் (ரலி) கண்டார். அன்று முதல் தமக்கும் சுரைக்காய் விருப்பமாயிற்று என்கிறார். இதைக் கொண்டு சுரைக்காயைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடுவோரும் உளர். அது வேண்டாத மிகை. அங்கே உபதேசம் எதுவும் நிகழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நேசத்துக்குரிய பெரியவர் விரும்பி உண்டதைப் பார்த்தார், தாமும் விரும்பினார். தகப்பனார் தம் தட்டில் கீரையை ஒதுக்கிவிட்டு மகனை அதட்டினால் எப்படிப் பலிக்கும்?

குழந்தை ஒரு காயை ஏற்க எட்டு, பத்து முறைகூடச் சுவைத்துப் பழக வேண்டியிருக்கும். ஒரு முறை துப்பியதும் கைவிடலாகாது. வற்புறுத்தித் திணிக்கவும் கூடாது. பெருமானார் எந்த உணவையும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள்.

தாளிச்சாவே இதற்கு நல்ல தொடக்கம். காய்களைச் சிறிதாக அரிந்து, குழையாமல் வேகவிடலாம். இறைச்சியுடன் சேரும்போது காய், பருப்பிலுள்ள இரும்புச் சத்தும் உடலில் நன்கு சேரும். முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் அந்தப் பலன் உண்டு. உணவோடு தேநீர் தரும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்; அது இரும்புச் சத்தைத் தடுக்கும். மாலையில் ஓதிவிட்டு வரும் பிள்ளைக்குப் பொட்டலத்துக்குப் பதிலாக என்ன தருவது என்று தயங்க வேண்டியதில்லை. அண்ணலார் வெள்ளரிக்காயைப் புதிய பேரீச்சங்கனியுடன் சேர்த்து உண்டதைத் தாம் கண்டதாக அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வெள்ளரி எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும். பேரீச்சம்பழம் இல்லாத முஸ்லிம் வீடு ஏது?