முதுகில் தழும்பு, கையில் மட்டை

டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு ஹாக்கி ஆட முடியுமா? முடியும். ஆனால் மைதானத்துக்குப் போகும் வழி படுக்கையிலிருந்து அல்ல, பளுவிலிருந்து தொடங்குகிறது.

குடகு மாவட்டத்தில் ஏப்ரல் மாதம் வந்தால் இரண்டு கேள்விகள்தான். காப்பிச் செடிக்குப் பூ மழை போதுமா? இந்த வருட ஹாக்கியை எந்தக் குடும்பம் நடத்துகிறது? 1997-ல் கரடா கிராமத்தில் பாண்டண்ட குட்டப்பாவின் முயற்சியால் 60 குடும்ப அணிகளுடன் தொடங்கிய கொடவக் குடும்ப ஹாக்கி விழா, 2024-ல் நாபோக்லுவில் 360 அணிகளாகப் பெருத்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பள்ளிக்கூடச் சிறுவன், அவனுடைய அத்தை, ஓய்வு பெற்ற ராணுவ சுபேதார், இந்தியாவுக்கு ஆடிய ஒலிம்பிக் வீரர் எல்லோரும் ஒரே அணியில் மண் தரையில் ஓடுவார்கள். ஆட்டத்திறமை இரண்டாம் பட்சம். குடும்பப் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பதுதான் பெருமை.

அந்தக் கூட்டத்தில் நாற்பதைத் தாண்டியவர்களின் கதை கொஞ்சம் தனி. பெங்களூரில் வாரம் ஐந்து நாள் நாற்காலி, ஆறாவது நாள் பைக், ஏழாவது நாள் காலை ஆறு மணிக்கு வார்ம்-அப் இல்லாத ஹாக்கி என்று காலம் தள்ளியவர்களின் முதுகு ஒரு நாள் மறுத்துப் பேசுகிறது. இடது அல்லது வலது காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1. மாத்திரையும் ஊசியும் பலிக்காமல் போக, கடைசியில் மைக்ரோ டிஸ்கெக்டமி. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது கால் வலி பெரும்பாலும் போயிருக்கும். கையில் ஒரு இடுப்பு பெல்ட்டும், குனியாதீர்கள் என்ற புத்திமதியும் இருக்கும். அக்டோபரில் ஆபரேஷன் என்றால் ஏப்ரலுக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

தொழில்முறை வீரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. ஹர்திக் பாண்டியாவுக்கு 2019 அக்டோபரில் லண்டனில் முதுகு ஆபரேஷன் நடந்தது. 2020 ஐ.பி.எல். முழுவதும் ஒரு பந்துகூட வீசாமல் மட்டை பிடிக்க மட்டுமே அவரால் முடிந்தது. பும்ராவுக்கு 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் ஆபரேஷன். ஆகஸ்டில் அயர்லாந்துக்கு எதிராகத் திரும்பினார், 2024 டி-20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் ஆனார், 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் நடுவில் மறுபடி முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். உலகத்தரமான பிசியோவும் பயிற்சியாளரும் நிழல்போல் கூடவே இருந்தும் இந்தக் கதி. பும்ராவின் பிரச்சினை எலும்பில், டிஸ்க்கில் அல்ல. ஆனாலும் முதுகு ஒரு முறை கெட்டால் அதற்கு ஆயுள் கியாரண்டி கிடையாது என்பது இருவருக்கும் பொது.

மட்டையின் குற்றம்

ஹாக்கிக்கும் இடுப்புக்கும் அப்படி என்ன பகை? மட்டையின் நீளம் அதிகபட்சம் 105 செ.மீ. பந்து தரையில். ஆறடி மனிதர் பந்தோடு ஓட வேண்டுமானால் பாதி குனிந்த நிலையில்தான் ஓட முடியும். போதாக்குறைக்கு, மட்டையின் இடப் பக்கம் மட்டுமே தட்டை. இடக்கை மட்டைக்கு விதியில் இடமில்லை. ஆகவே இடக்கைக்காரரும் வலக்கைக்காரரைப்போல, வலக் கையைக் கீழே வைத்து ஒரே பக்கமாகத்தான் உடலை முறுக்க வேண்டும். குனிவது, அந்த நிலையிலேயே திரும்புவது, திரும்பும்போதே ஓங்கி அடிப்பது. டிஸ்க்குக்கு ஆகாத மூன்றும் ஒரே ஆட்டத்தில். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்த பிறகு பந்தின் வேகம் கூடியது, வீரர்கள் இன்னும் தாழ்ந்தார்கள். டிராக் ஃபிளிக் அடிப்பவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முதுகெலும்புக்காக யாருமே பரிந்து பேசுவார்கள்.

டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. வெளியே நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலில் வலி. இந்தத் தொடர்பை அமெரிக்க டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-லேயே எழுதிவிட்டார்கள். ஆபரேஷனில் நடப்பது ஒன்றுதான்: நரம்பை அழுத்தும் துண்டு எடுக்கப்படுகிறது. டிஸ்க் புதிதாகிவிடுவதில்லை. கிழிந்த வளையம் தழும்போடுதான் ஆற வேண்டும். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், நூற்றில் சுமார் 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குகிறது. கத்தியை விடப் பெரிய பயம் இதுதான். இந்தப் பயத்தினால் பலர் வருடக்கணக்கில் பெல்ட்டுக்குள்ளேயே வாழ்கிறார்கள்.

அதுவே அடுத்த சிக்கலுக்கு வழி செய்கிறது. முதுகெலும்பை ஒட்டி, கணுக் கணுவாகப் பிடித்துக்கொண்டிருக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசை, வலி வந்தபோதே மெலியத் தொடங்குகிறது. ஆபரேஷனில் அதை ஒதுக்கித்தான் உள்ளே போக வேண்டும். வலி போனதும் தசை தானாகத் தேறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முதல் முறை முதுகு வலி வந்தவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் செய்து 1996-ல் வெளியிட்ட ஆய்வு, அப்படித் தேறுவதில்லை, பயிற்சி கொடுத்தால்தான் தேறுகிறது என்று காட்டியது. ஆக, வலி இல்லாத முதுகு வேறு, பலமான முதுகு வேறு.

பயிற்சி செய்தால் மறுபடி பிதுங்காதா? கோக்ரேன் அமைப்புக்காக 22 ஆய்வுகளை அலசி 2014-ல் வெளிவந்த தொகுப்பு இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. ஆபரேஷன் முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கு வலியும் முடக்கமும் சீக்கிரம் குறைந்தன. மெதுவான பயிற்சியை விடக் கடுமையான பயிற்சி வேகமாகப் பலன் தந்தது. மறு ஆபரேஷன் எண்ணிக்கை கூடியதற்கு ஆதாரம் இல்லை. சான்றுகளின் தரம் உயர்வானது அல்ல என்று அந்தத் தொகுப்பே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் மூன்று மாதம் படுத்துக் கிட என்ற பழைய உத்தரவுக்கு இந்த அளவு சான்றுகூடக் கிடையாது.

பக்கெட்டே பளு

முதல் ஆறு வாரத்துக்கு மருந்து நடைதான். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுந்து, ஐந்து நிமிடம் பத்து நிமிடமாக ஒரு நாளில் பல முறை. ஒரேயடியாக உட்கார்ந்திருப்பது அரை மணிக்கு மேல் கூடாது. தூக்குவது இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவோடு நிற்க வேண்டும். பாத்ரூமில் விழுந்த சோப்பை எடுக்க ஒரு முழங்காலைத் தரையில் ஊன்ற வேண்டும். இதில் தனக்கு மட்டும் சலுகை கொடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். வெள்ளை மனதோடு சூரிய நமஸ்காரத்தைத் தொடங்கிவிடுபவர்களும் உண்டு. யோகாசனத்தில் குற்றமில்லை. ஆனால் பச்சிமோத்தாசனம் போல முன்னால் மடங்கும் ஆசனங்களுக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஆறு வாரம் கழித்து, சர்ஜன் சம்மதித்த பிறகு, பிசியோதெரபிஸ்டின் கண் முன்னால் வேலை தொடங்குகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த மூன்று பயிற்சிகள் பல இடங்களில் முதல் பாடம்: மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் லேசாக மட்டும் தூக்குவது, ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பை உயர்த்துவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றிலும் பத்து விநாடி நின்றால் போதும். வேர்த்துக் கொட்டாது. பார்ப்பவருக்கு இது ஒரு பயிற்சியா என்று தோன்றும். இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் நகராமல் தாங்கக் கற்றுக்கொள்வதுதான் இங்கே விஷயம்.

அடுத்தது, குனிவதையே புதிதாகக் கற்பது. முதுகை வளைக்காமல், புட்டத்தைப் பின்னால் தள்ளி, தொடை மூட்டில் மடங்க வேண்டும். ஒரு துடைப்பக் கட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்தால் பின்தலை, முதுகின் மேல்பகுதி, வால் எலும்பு மூன்றிலும் அது பட வேண்டும். குனியும்போது ஏதாவது ஒன்று விலகினால் தவறு. ஹாக்கிக்காரருக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறு கிடையாது. பந்தை நோக்கித் தாழ்வது இடுப்பு முதுகில் நடக்கிறதா, தொடையிலும் புட்டத்திலும் நடக்கிறதா என்பதில்தான் அவருடைய எதிர்காலம் இருக்கிறது.

இந்த மடக்கு கைவந்த பிறகுதான் பளு. மூன்றாவது மாதம் வாக்கில் டம்பெல்லைத் தரையிலிருந்து அல்ல, முழங்கால் உயர ஸ்டூலிலிருந்து எடுப்பது. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கி. ஒரு காலை முன்னால் வைத்துத் தாழ்வது, ஏனென்றால் பந்தைத் தடுக்கும்போது உடல் அப்படித்தான் தாழ்கிறது. ஜிம் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு அருமையான கருவி ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு: பக்கெட். ஒரு கையில் மட்டும் பாதி பக்கெட் தண்ணீரோடு சாயாமல் நேராக நடந்தால், எதிர்ப் பக்க இடுப்புத் தசைகள் அத்தனையும் வேலை செய்யும். வாரத்துக்கு ஒரு குவளை தண்ணீர் கூட்டினால் அதுவே பளுப் பயிற்சி. முறுக்கும் பயிற்சி உடனே வேண்டாம். முதலில் முறுக்கலை எதிர்க்கப் பழக வேண்டும். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, பக்கவாட்டில் நின்று, இரு கையாலும் நெஞ்சிலிருந்து நேராக நீட்டினால் பட்டை உடலைத் திருப்பப் பார்க்கும். திரும்பாமல் நிற்பதுதான் பயிற்சி. கர்லாக்கட்டை சுழற்றி வளர்ந்தவர்கள் அதற்குத் திரும்ப இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும்.

எவ்வளவு வலி வரலாம்? தொடையிலும் முதுகுத் தசையிலும் மறுநாள் பிடிப்பு இருந்தால் அது கூலி. புட்டத்தைத் தாண்டிக் காலுக்குள் இறங்கும் வலியோ மரத்துப்போதலோ வந்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது, அந்த வாரப் பளுவும் குறைய வேண்டும். பாதம் தூக்க வரவில்லை, சிறுநீர் அடக்க முடியவில்லை அல்லது கழிக்க முடியவில்லை, தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லை என்றால் பிசியோவைத் தேடக்கூடாது. அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முள்ளெலும்புகளைத் திருகாணி வைத்து இணைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. எலும்பு கூடவே மாதங்கள் ஆகும்.

காலை ஆறு மணி

ஓட்டம் நேர்கோட்டில் தொடங்கி, பிறகு வளைந்து, அதற்கப்புறம் சட்டென்று நின்று திரும்புவதாக வளர வேண்டும். மட்டையைப் பொறுத்தவரை நின்ற இடத்தில் தள்ளுவது முதலில், ஓங்கி அடிப்பது அடுத்து, இடப்பக்கம் எட்டிப் புரட்டித் தடுப்பது கடைசிக்கு முன்னால், டிராக் ஃபிளிக் கடைசியில். பொழுதுபோக்குக்காக ஆடுபவர் அதை அடியோடு மறந்துவிட்டாலும் நஷ்டமில்லை. நான்கு முதல் ஆறு மாதத்தில் பலர் மைதானத்துக்குத் திரும்புகிறார்கள். அக்டோபரில் ஆபரேஷன் ஆனவருக்கு ஏப்ரல் கிட்டத்தட்டக் கைக்கு எட்டும் தூரம்தான். ஆனால் தேதி பரீட்சை அல்ல. பக்கவாட்டில் முழங்கை ஊன்றி இரு பக்கமும் ஒரே அளவு நேரம் நிற்க முடிகிறதா, ஒற்றைக் காலில் தள்ளாடாமல் தாழ முடிகிறதா, அரை மணி ஓட்டத்துக்கு மறுநாள் கால் அமைதியாக இருக்கிறதா என்பவைதான் பரீட்சை.

அதிகாலை ஆட்டத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் மனிதர் ஒரு சென்டிமீட்டருக்கும் கூடுதலாக உயர்ந்திருப்பது இதனால்தான். உப்பிய டிஸ்க் குனிவதை வெறுக்கும். ஐந்தே முக்காலுக்கு எழுந்து, குனிந்து ஷூ கட்டி, குலுங்கும் பைக்கில் போய், ஆறு மணிக்குப் பந்தை விரட்டுவது ஆரோக்கியமான முதுகுக்கே அதிகம். எழுந்து ஒரு மணி நேரம் நடமாடிய பிறகு ஆட வேண்டும், இல்லையென்றால் அணியை எட்டு மணிக்கு வரச் சொல்ல வேண்டும். பின்னது நடக்காத காரியம் என்பது ஞாயிறு ஹாக்கி ஆடும் எல்லோருக்கும் தெரியும்.

குடும்ப அணியில் இடம் பிடித்தவருக்கு விதிப் புத்தகம் ஓர் உதவி செய்து வைத்திருக்கிறது. 1992 முதல் ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே போய்த் திரும்ப உள்ளே வரலாம். ஐந்து நிமிடம் ஆடி, ஐந்து நிமிடம் கோட்டுக்கு வெளியே நடந்து, மறுபடி இறங்கலாம். வெளியே உட்காரக்கூடாது, நிற்கலாம் அல்லது நடக்கலாம். பெனால்டி கார்னரில் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடும் வேலையை, தரையோடு தரையாகத் தாழ வேண்டியிருப்பதால், அண்ணன் மகனிடம் விட்டுவிடலாம். மட்டையையும் அரை அங்குலம் நீளமாக வாங்கிக்கொள்ளலாம்.