எந்த நூலை யாருக்குச் சொல்வது?

1880-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள், கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த இளைஞர் ஒருவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் அவரை நோக்கி, என்னென்ன நூல்களைக் கற்றிருக்கின்றீர் என வினவினார். பெரும்புலவராகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட அவ்விளைஞர், அந்தாதிகள், உலாக்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என ஒரு நீண்ட பட்டியலைப் பெருமையோடு ஒப்புவித்தார். முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமாயுள்ள பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று மேலுங் கேட்டார். சீவக சிந்தாமணியின் பெயரையும், சிலப்பதிகாரம், மணிமேகலை என்பவற்றின் பெயர்களையும் எடுத்துரைத்தார். இளைஞர் அவற்றுள் ஒன்றையேனும் கண்ணாற் கண்டவரல்லர்.

அந்த இளைஞரே பின்னாளில் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் எனத் தமிழுலகம் போற்றிய பெரியார். முதலியார் நூற்பெயரைச் சொன்னதோடு அமையாது, சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றையும் அவரிடங் கொடுத்துப் படிக்கச் செய்தார். அதன் பயனாகச் சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் ஐயரால் அச்சேறின. ஒருவர் மற்றொருவருக்கு ஒரு நூலை எடுத்துச் சொல்லுதல் எத்துணைப் பெரிய காரியமாக முடியக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

முதலியார் செய்ததை நுணுகி நோக்கின், நூல் பரிந்துரைத்தலின் இலக்கணம் முழுவதும் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். முதலாவதாக, அவர் கேட்டார்; கேட்ட பின்னரே சொன்னார். எதிரிலிருப்பவர் எதுவரை வந்திருக்கின்றார் என அறியாமல் அடுத்த படியைக் காட்டுதல் இயலாது. இரண்டாவதாக, அவர் எளியதொன்றைச் சொல்லவில்லை. கற்றவருக்கு எட்டாததும், ஆனால் முயன்றால் எட்டக்கூடியதுமாகிய ஒன்றைச் சொன்னார். மூன்றாவதாக, நூலைக் கையிலே கொடுத்தார். பெயரை மட்டும் சொல்லி நூல் கிடைக்கும் வழியைச் சொல்லாதவர், பசித்தவனுக்குச் சோற்றின் சுவையை வருணித்தவரேயாவர்.

இம்மூன்று அளவுகோல்களையும் கைக்கொண்டு, வெவ்வேறு வகை நூல்களை வெவ்வேறு வகை வாசகருக்கு எவ்வாறு எடுத்துச் சொல்லலாம் என்பதை இனிச் சிறிது ஆராய்வோம்.

வாசிப்பிலே புதிதாகப் புகுபவருக்கு வாழ்க்கை வரலாறு நல்ல வாயிலாகும். மேற்கூறிய சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அத்தகையது. 1940-இல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவரத் தொடங்கிய அது, 1942-இல் ஆசிரியர் மறைந்தமையால் நிறைவுறாமலே நின்றது. 1950-இல் நூலுருப் பெற்றது. நூல் பருமனானதெனக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அதிகாரங்கள் சிறியன; நடை தெளிந்த நீர் போன்றது. ஓர் ஏழைச் சிறுவன் தமிழ் கற்க வேண்டுமென்ற ஒரே வேட்கையால் ஊரூராகச் சென்று ஆசிரியரைத் தேடிய கதை அது. பரீட்சையிலே தோற்று மனஞ்சோர்ந்திருக்கும் மாணவன் ஒருவனுக்கு அறிவுரை பத்துக் கூறுவதைவிட, இந்நூலின் முற்பகுதியைக் கையிற் கொடுத்தல் நன்று.

கதையையே விரும்புவோர்க்கு நாவல்கள் உண்டு. ஆயினும் நாவல் என்றதும் நேற்று வெளிவந்ததையே நாடுவது பலரின் வழக்கம். இலங்கையில் எழுந்த தொடக்ககாலத் தமிழ் நாவல்கள் இரண்டினைப் பலர் பெயரளவில் அறிவர், படித்தவர் சிலரே. ஒன்று, கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞரும் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையின் ஆசிரியருமாகிய சித்திலெப்பை 1885-இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’. எகிப்து தேசத்துப் பிள்ளை ஒருவனின் வாழ்வைக் கூறும் இது, விறுவிறுப்பான நிகழ்ச்சிகளை விரும்பும் இளைஞருக்கு ஏற்றது. மற்றது, திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் எழுதிய ‘மோகனாங்கி’. தஞ்சை, திருச்சிராப்பள்ளி நாயக்க அரசர் காலத்தைக் களமாகக் கொண்ட இது, தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவலென ஆராய்ச்சியாளர் பலராற் கொள்ளப்படுவது. கல்கியின் வரலாற்று நாவல்களிலே திளைத்தவருக்கு, அந்த ஆறு எந்த மலையில் ஊற்றெடுத்தது எனக் காட்ட இதனைச் சொல்லலாம். ஆனால் ஒன்றை மறைத்தல் கூடாது. இவ்விரு நூல்களின் நடையும் இன்றைய வாசகருக்குத் தொடக்கத்திலே சற்றுக் கரடுமுரடாகத் தோன்றும். இருபது பக்கம் பொறுத்தருள்க என முன்கூட்டியே சொல்லி வைத்தால், வாசகர் நூலையும் கைவிடார், சொன்னவரையும் நோவார்.

சிறுகதை, ஓய்வு குறைந்தவருக்கு உற்ற துணை. வேலைக்குச் செல்லும் வழியிலே ஒரு கதை, திரும்பும் வழியிலே மற்றொரு கதை எனப் படிக்கலாம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ சற்று நீண்ட கதை. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதி என்னும் பெண்ணின் துயரத்தை அது சித்திரிக்கின்றது. அதனைப் படித்தவருக்கு அடுத்ததாகச் சொல்லத் தக்கது, மலைநாட்டு வாழ்வை நேரில் அறிந்த கோகிலம் சுப்பையா 1964-இல் வெளியிட்ட ‘தூரத்துப் பச்சை’ என்னும் நாவல். ஒரே பொருளைப் பற்றிய இரு நூல்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது, ஒன்று சொல்லாமல் விட்டதை மற்றது சொல்லக் காண்போம். நாள்தோறும் தேநீர் அருந்தும் ஒவ்வொருவரும் இவ்விரண்டையும் ஒருமுறையேனும் படித்தல் முறையாகும்.

நாடகத்தை நூலாகப் படிக்கும் பழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940-இல் வெளியிட்ட ‘நானாடகம்’ இக்குறையைப் போக்க வல்லது. அதிலுள்ள நான்கு நாடகங்களும் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே அமைந்தவை. இவற்றைத் தனித்திருந்து மௌனமாகப் படித்தலினும், வீட்டிலுள்ளோர் நால்வர் கூடிப் பாத்திரங்களைப் பங்கிட்டு உரக்கப் படித்தல் பெரிதும் சுவை தரும். வாசிப்பே பிடிக்காதென்னும் முதியவரும் அவ்வேளை தம் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்வர்.

குழந்தைகளுக்கு நூல் தேர்வோர் அறிவுரை மிகுந்ததையே தேடுகின்றனர். குழந்தையோ ஓசையைத் தேடுகின்றது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும், கத்தரி வெருளிப் பாட்டும் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் நாவிலே நின்றமைக்குக் காரணம், கூழும் கொழுக்கட்டையும் தோட்டத்து வெருளியுமாகக் குழந்தை அறிந்த உலகத்தையே அவை பாடியமைதான். எழுத்தறியாப் பிள்ளைக்குப் பெரியவர் பாடிக் காட்டுக. நூலைப் பின்னர்க் கொடுக்கலாம்.

அயலவரை அறிய விரும்புவோர்க்கு மொழிபெயர்ப்பு நூல்கள் உதவும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944-இல் வெளியான சிங்கள நாவல். தென்னிலங்கைக் கிராமம் ஒன்றிலே பழைய பெருங்குடும்பம் ஒன்று படிப்படியாகத் தளர்வதை அது காட்டுகின்றது. ம. மு. உவைஸ் அதனைக் ‘கிராமப் பிறழ்வு’ என்னும் பெயரால் தமிழாக்கினார். அக்குடும்பத்தார் தம் நிலை தாழ்வதை ஊரார் அறியாவண்ணம் மறைக்கப் படும் பாட்டைப் படிக்கும் வடபுலத்து வாசகர், இது நம்மூர்ப் பெரியவீட்டுக் கதையன்றோ என எண்ணாதிரார்.

இனி, அரிய நூல் ஒன்று. சுவாமி விபுலாநந்தர் இயற்றி 1947-இல் அரங்கேறிய ‘யாழ் நூல்’ எல்லோருக்கும் சொல்லத் தக்கதன்று. வழக்கொழிந்துபோன யாழ்க் கருவியின் அமைப்பையும் பழந்தமிழ்ப் பண்களின் இயல்பையும், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் துணையாகக் கொண்டு, கணித முறையால் ஆராயும் நூல் அது. அடிகள் விஞ்ஞானமும் கற்றவராதலின், அந்நூலிலே புலமையும் கணக்கும் கைகோத்து நிற்கின்றன. இசைப் பயிற்சியும் கணித நாட்டமும் ஒருங்குடைய மாணவர் எவரேனும் கண்ணிற்பட்டால், இதனைச் சொல்லாமல் விடுதல் குற்றமாகும். பிறருக்கு இதனைச் சொல்லி, அவர் பத்துப் பக்கத்தோடு சலித்து, தமக்கு அறிவு போதாதென வருந்தச் செய்தலும் குற்றமேயாகும்.

நூல்களை இவ்வாறு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுதல் பொழுதுபோக்கன்றோ, இதற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். அவர்க்கு விடை யாழ்ப்பாண நகரிலே இருக்கின்றது. 1933-இல் க. மு. செல்லப்பா என்பார் தம் இல்லத்திலே தொடங்கிய சிறிய நூல்நிலையம், நாளடைவில் வளர்ந்து, 1959-இல் அழகிய மாளிகையாகத் திறக்கப்பட்டது. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு பல ஓலைச் சுவடிகளும் வெந்து சாம்பராயின. கட்டடம் பின்னர்த் திருத்தப்பெற்று மீண்டும் திறக்கப்பட்டது. பல பிரதிகளாக உலகிலே பரவியிருந்த நூல்களை மறுபடியும் தேடி வைக்க முடிந்தது. ஒரே பிரதியாக அங்கு மட்டும் இருந்தவை போயின, போயினவே.

இவ்வுண்மை உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. நூலுக்குக் காவல் சுவர்கள் மாத்திரமல்ல; அதனைப் படித்தவர் தொகையும் காவலே. ஒருவர் சொல்ல மற்றொருவர் தேடிப் படித்த நூல் மறுபதிப்புப் பெறும். பல வீடுகளிலே தங்கும். ஓரிடத்தே அழிந்தாலும் வேறோரிடத்தே வாழும். 2005-இலே தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் இணைய முயற்சி, இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிலே சேர்த்துவருகின்றது. எனினும் அங்கும் நூல் காத்துத்தான் கிடக்கும். அதனைத் திறப்பதற்கு ஒருவர் பெயர் சொல்ல வேண்டும்.

ஆதலின், நேயர் ஒவ்வொருவரும் தாம் படித்துப் பயன்கொண்ட நூல்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு உரியவர் யார் எனச் சற்றே சிந்திப்பாராக. அவர் அண்டை வீட்டு மாணவனாக இருக்கலாம். வேலையினின்றும் ஓய்வு பெற்றுப் பொழுது போகாது தவிக்கும் முதியவராக இருக்கலாம். முதலில் அவரைக் கேட்டு, பின்னர் நூலைச் சொல்லி, இயலுமாயின் கையிலும் கொடுப்பாராக. கொடுத்த நூல் சில வேளை திரும்பி வாராது. அது வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது எனக் கேள்விப்பட்டால், வருந்துவதற்கு இடமில்லை. கும்பகோணத்திலே முதலியார் கொடுத்த பிரதி, ஏழாண்டு கழித்து அச்சு நூலாகித் தமிழர் எல்லோருடைய கைக்கும் வந்து சேர்ந்ததன்றோ!